இடத்தை மாடு

காளைச் சோடியில் இடப்பக்கம் கட்டுகிற மாடு இடத்தை. வலப்பக்கம் கட்டுவது வலத்தை. கன்று வசக்குகிற நாளிலேயே இது முடிவாகிவிடும், பிறகு ஆயுசுக்கும் மாறாது. இடத்தையைக் கொண்டுபோய் வலப்பக்கம் பூட்டினால் நுகத்தடிக்குக் கழுத்தைக் கொடுக்காமல் முரண்டும். கொடுத்தாலும் தடம் பிடிக்காமல் துணைமாட்டை நெருக்கிக்கொண்டே போகும். அவிழ்த்துவிட்ட பிறகும் பழகிய சோடி அதே வரிசையில் நின்று மேய்வதைக் காங்கேயத்துக் கொரங்காடுகளில் பார்த்திருக்கிறேன். கிளுவை வேலி, நடுவே ஒரு வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். இரண்டு மயிலைக் காளைகள். கயிறு இல்லை, வண்டி இல்லை. இருந்தும் இடத்தை இடப்பக்கம்தான்.

தாத்தாவை அப்பாரு என்போம். அவர் என்னை 'இடத்தை' என்றே கூப்பிடுவார். நான் இடக்கைக்காரன்.

*

அம்மிச்சிக்கு, என் பாட்டிக்கு, இடக்கை ஒரட்டாங்கை. "ஒரட்டாங்கையில வாங்காத கண்ணு" என்று சொல்லிச் சொல்லியே முறுக்குக்கு என்னை வலக்கையை நீட்டவைத்தாள். எழுதுவதை ஒரு வாத்தியாரின் பிரம்பு மாற்றியது. எறிவதை மட்டும் யாரும் மாற்றவில்லை. கல் எறிவதற்கு நல்ல கை, கெட்ட கை என்று யார் பார்க்கிறார்கள்? மாங்காய் விழுந்தால் போதும். ஆக, எனக்குள் எழுதுகிறவன் ஒருவன், எறிகிறவன் வேறொருவன். இந்தக் குறிப்பேட்டில் வலக்கை எழுதிக்கொண்டிருக்கிறது. எதைப் பற்றி எழுதுவது என்பதைக் கொஞ்ச நாளாக இடக்கைதான் முடிவுசெய்கிறது.

*

பேஸ்பாலில் இடக்கையால் எறிபவரை 'சவுத்பா' என்கிறார்கள். தெற்குக் கைக்காரர். மாலை வெயில் மட்டைக்காரரின் கண்ணில் அடிக்கக் கூடாது என்று அவர் கிழக்கே பார்க்கும்படி மைதானத்தை அமைப்பதுண்டு. அப்போது எதிரே நின்று எறிபவர் மேற்கே பார்ப்பார், அவருடைய இடக்கை தெற்குப் பக்கம் வரும். பெயர் அதனால்தான் வந்தது என்பது பழங்கதை, வேறு கதையும் உண்டு. எனக்கு வேடிக்கையாக இருப்பது வேறு. நம் பக்கம் கிழக்கே பார்த்து நின்றுதான் திசை எண்ணுவார்கள். அப்படி நின்றால் தெற்கு வலக்கைப் பக்கம் வரும். தட்சிணம் என்றால் தெற்கு, தட்சிணம் என்றால் வலம். ஒரே சொல். உதிக்கிற சூரியனைப் பார்த்து நிற்கிறவனுக்குத் தெற்கு வலம், அதற்கு முதுகு காட்டி நிற்கிறவனுக்குத் தெற்கு இடம். கை மாறவில்லை, நிற்கிற பக்கம்தான் மாறியிருக்கிறது.

அம்மிச்சியிடம் இதைச் சொல்லியிருக்கலாம். கேட்டிருக்க மாட்டாள்.

*

எங்கள் கிணற்றில் கவலை ஏற்றம் ஓடியதைப் பார்த்த கடைசித் தலைமுறை நான். எனக்கு ஆறு வயது இருக்கும்போது மோட்டார் வந்துவிட்டது. அதற்கு முந்தைய காலைகள் ஒலியாகவே நினைவிருக்கின்றன: உருளையின் கீச்சு, சால் தண்ணீரில் விழும் சத்தம், சாலின் தோல் தும்பி வழியே தொட்டியில் கொட்டும் சத்தம்.

கவலை ஏற்றத்தில் மாடுகள் கிணற்று மேட்டிலிருந்து வாரி என்கிற சரிவில் கீழ்நோக்கி நடந்து சாலை இழுக்கும். ஓட்டுகிறவர் வடத்தின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்ப்பார். சால் மேலே வந்து தண்ணீர் கொட்டியதும் மாடுகள் திரும்புவதில்லை. முன்னே பார்த்தபடியே பின்னால் நடந்து மேட்டுக்கு ஏறும். சரிவில் பின்னால் நடந்து ஏறுவது மாட்டுக்கு இயல்பல்ல, பழக்க வேண்டும். இறங்குவதைப் பழக்க ஒரு வாரம் போதும், ஏறுவதற்குத்தான் மாதங்கள் ஆகும் என்பார் அப்பாரு. சந்தையில் மாடு வாங்கும்போதும் அவர் கேட்கிற கேள்வி, "நெம்ப இழுக்குமா?" என்பதல்ல. "பின்னாடி வருமா?" என்பதுதான்.

கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசுகிறவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வாரி நினைவுக்கு வருகிறது. நாம் பார்ப்பது ஓட்டத்தை. ஆனால் அவருடைய பொழுதில் பெரும்பகுதி திரும்பி நடப்பது. பந்து கையை விட்டுப் போகிற நேரம் ஒரு கண்ணிமைப்பு. மிச்சமெல்லாம் தலை குனிந்து, பந்தைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டு, போன இடத்துக்கே போவது. சிக்ஸர் போனாலும் அதே நடை, விக்கெட் விழுந்தாலும் அதே நடை. தொலைக்காட்சி அந்த நேரத்தில் விளம்பரத்தையோ மறு ஒளிபரப்பையோ காட்டிவிடுகிறது. நடை நம் கண்ணில் படுவதே இல்லை.

*

ஈரோடு, சங்ககிரி தாண்டிப் போனால் சின்னப்பம்பட்டி. சேலம் மாவட்டம். தறி ஓடுகிற ஊர். இடக்கை வேகப்பந்து வீச்சாளர் டி. நடராஜன் 1991-இல் அங்கே பிறந்தவர். அப்பா தறித் தொழிலாளி, அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டவர். இருபது வயது வரை அவர் கையில் இருந்தது டென்னிஸ் பந்து. அந்தப் பந்துக்கு ஊர்த் திடல்களில் ஒரு சட்டம் உண்டு: கொஞ்சம் தூக்கிப் போட்டால் பக்கத்துக் காட்டில் போய்த் தேட வேண்டும். அடிக்க முடியாத ஒரே இடம் மட்டைக்காரரின் பாதம். பாதத்தில் விழுகிற அந்த யார்க்கர் அவருக்கு அகாடமியில் கிடைத்த வித்தையல்ல. திடல் கொடுத்தது.

யார்க்கரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது அழகான பந்து அல்ல. காற்றில் வளைவதும் தரையில் திரும்புவதும் அதன் வேலையில்லை. ஒரு சாண் முன்னால் விழுந்தால் ஹாஃப்-வாலி, சிக்ஸர். ஒரு சாண் தள்ளிப்போனால் தரையே தொடாத புல்டாஸ், அதுவும் சிக்ஸர். இடையில் இருக்கிற இடம் ஒரு செருப்பின் அளவு. 22 கெஜத்துக்கு அப்பால் இருக்கிற அந்தச் செருப்பை, கடைசி ஓவர்களில், கூட்டம் கத்தும்போது, மட்டைக்காரர் குறுக்கே நகரும்போது, திரும்பத் திரும்பத் தொட வேண்டும். இடக்கைக்காரர் விக்கெட்டுக்கு மேலாக வந்து போடும்போது பந்து சாய்வாக வருகிறது. வலக்கை மட்டைக்காரர் தினமும் பழகுகிற கோணம் அதில்லை. ஒரு நொடியில் சிறு பங்கு தாமதம். அந்தத் தாமதம் போதும்.

2020 நவம்பர் 6, அபுதாபி. ஐபிஎல் எலிமினேட்டர். ஏ.பி. டி வில்லியர்ஸ் 56 ரன் எடுத்து நின்றபோது நடராஜனின் யார்க்கர் ஸ்டம்பைப் பெயர்த்தது. அந்த ஆண்டு 16 ஆட்டங்களில் 16 விக்கெட். ஆட்டத்துக்கு ஒன்று. தலைப்புச் செய்திக்கு ஆகாத கணக்கு, மளிகைக் கடைக் கணக்குப் போல. நான் நம்புவது அந்த மாதிரிக் கணக்கைத்தான்.

*

ஆனால் நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. 2015 ஜனவரியில் நடராஜன் கொல்கத்தாவில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார். அந்த முதல் ஆட்டத்திலேயே அவருடைய வீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று புகார் எழுந்தது. கிரிக்கெட்டில் வீசும்போது முழங்கை நிமிர்வதற்கு 15 டிகிரிதான் அனுமதி. அதற்கு மேல் போனால் அது பந்துவீச்சு அல்ல, எறிதல். கிராமத்திலிருந்து வந்து முதல் படியில் கால் வைத்தவரிடம், உன் கையே தப்பு என்றார்கள். பிரம்படி பட்ட எனக்கு அந்த வாக்கியம் கொஞ்சம் தெரியும்.

ஏறத்தாழ ஓராண்டு போனது. பயிற்சியாளர்களின் உதவியோடு முறையை உடைத்துத் திரும்பக் கட்டினார். சுலபமாகச் சொல்லிவிட்டேன். பத்து வருஷம் பழகிய தடத்தைக் கை மறக்க வேண்டும், ஆனால் பந்து அதே செருப்பில் விழ வேண்டும். இடத்தையை வலத்தையாக்குகிற வேலை. 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீகில் சூப்பர் ஓவரில் வரிசையாக யார்க்கர் போட்டு மீண்டும் எல்லார் கண்ணிலும் பட்டார். அடுத்த ஆண்டு ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அதற்கடுத்த இரண்டு ஆண்டுகள் ஹைதராபாத் அணியில் ஓர் ஆட்டமும் ஆடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏலத் தொகையைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். பெஞ்சில் இருந்த அந்த இரண்டு ஆண்டுகளில் தினமும் வலையில் எத்தனை தடவை திரும்பி நடந்திருப்பார் என்பதே என் கேள்வி.

*

முழங்கை விஷயத்தில் ஒரு முரண் உண்டு. பேஸ்பாலில் முழங்கையை மடக்கித்தான் எறிய வேண்டும். இங்கே குற்றமானது அங்கே தொழில்.

இந்தியாவிலிருந்து அந்தத் தொழிலுக்குப் போன இடக்கை ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்துப் பதோஹி மாவட்டத்து ரிங்கு சிங். ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர். 2008-இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் மணிக்கு 87 மைல் வேகத்தில் பந்தை எறிந்து வென்று, அந்த ஆண்டே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமானார். அதற்கு முன் பேஸ்பாலையே பார்த்ததில்லை. 2009-இல் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியர் ஆனார். இதைப் படமாக எடுத்தபோது இசை ஏ.ஆர். ரகுமான். படம் 2014-இல் வந்தது. அதற்குள் ரிங்குவுக்கு முழங்கை அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. பெரிய லீகை அவர் தொடவே இல்லை, பிறகு மல்யுத்தக் காட்சிகளுக்குப் போனார். படம் வெற்றியோடு முடிகிறது. படங்களுக்கு அந்த வசதி உண்டு.

*

மார்க் பியூர்லி என்ற பெயரை நான் இந்த வருஷம்தான் அறிந்தேன். அதிலிருந்து மனசை விட்டுப் போகவில்லை.

மிசௌரிக்காரர், பேஸ்பாலில் இடக்கையால் எறிபவர். பள்ளி அணியிலேயே முதல் இரண்டு வருஷம் கழித்துக்கட்டப்பட்டவர். 1998 வீரர் தேர்வில் 38-ஆவது சுற்றில், 1,139-ஆவது பெயராகச் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அவரை எடுத்தது. சந்தை கலைகிற நேரத்தில் விற்ற மாடு மாதிரி. வேகமும் பெரிதாக இல்லை, மணிக்கு 85 மைல் சுற்றிலும். ரிங்கு சிங்கின் போட்டி எறியைவிடக் குறைவு! ஆனால் பந்தை வாங்கிய உடன் எறிந்துவிடுவார். 2005 ஏப்ரலில் ஓர் ஆட்டத்தை ஒரு மணி 39 நிமிடத்தில் முடித்துவிட்டார். அப்போது மூன்று மணி நேரத்துக்குப் பக்கமாக இழுத்த விளையாட்டில் இது எவ்வளவு பெரிய மரியாதை என்பது, பஞ்சாயத்தில் உட்கார்ந்து அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

பேஸ்பாலில் ஓர் இன்னிங்ஸ் என்பது மூன்று பேரை வெளியேற்றுவது. ஒரு பருவத்தில் 200 இன்னிங்ஸ் எறிபவரை உழைப்பாளி என்று ஒத்துக்கொள்கிறார்கள். அதாவது 600 பேரை வெளியேற்றியவர். பியூர்லி 2001 முதல் 2014 வரை, 14 பருவங்கள், ஒன்று விடாமல் 200-ஐத் தாண்டினார். நடுவே 2009 ஜூலை 23 அன்று 27 பேர் வந்து 27 பேரும் முதல் பேஸைக்கூடத் தொடாமல் போன ஆட்டமும் உண்டு. அதை எல்லாரும் கொண்டாடுகிறார்கள், கொண்டாட வேண்டியதுதான். எனக்கோ அந்த ஒரு நாளைவிட, பேர் தெரியாத செவ்வாய்க்கிழமைகளில் ஏழாவது இன்னிங்ஸ் வரை போய் எறிந்துவிட்டு வந்ததுதான் பெரிதாகப் படுகிறது.

இடக்கைக்காரர் எறிகிற மேட்டில் நிற்கும்போது முதல் பேஸைப் பார்த்தபடி நிற்பார். ஓடத் துடிக்கிற எதிரணிக்காரர் கண்ணுக்கு நேரே இருப்பார். வலக்கைக்காரருக்கு அவர் முதுகுப் பக்கம். இதில் பியூர்லி கெட்டிக்காரர், அசைந்தவரை அப்படியே பிடித்துவிடுவார். மனிதர்களின் காலைப் பார்த்தே அடுத்து என்ன செய்வார்கள் என்று சொல்கிற தரகர்கள் கண்ணபுரம் மாட்டுத்தாவணியில் உண்டு.

2015 அவருடைய கடைசி வருஷம், டொராண்டோ அணியில். பருவத்தின் கடைசி நாளில் 200-க்கு இரண்டு இன்னிங்ஸ் குறைவு. ஒரே ஒரு நாள் ஓய்வெடுத்த கையோடு, அந்த ஆறு பேரை வெளியேற்ற மேட்டில் ஏறினார். ஃபீல்டிங் பிழை வந்தது, ரன் மேல் ரன் குவிந்தது. இரண்டு பேரை வெளியேற்றியதோடு இறக்கப்பட்டார். 198⅔ இன்னிங்ஸ். நான்கு பேர் பாக்கி. பிறகு அவர் எறியவில்லை. விழா வைக்கவில்லை, அறிவிப்பும் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போனார்.

அந்த நான்கு பேரைப் பற்றி நான் அளவுக்கு மீறி யோசிக்கிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

*

சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. யாராவது ஒரு பக்தரின் கனவில் சுப்பிரமணியர் ஒரு பொருளைச் சொல்வார். அந்தப் பக்தர் வந்து கோயிலில் சொன்னால் பூப்போட்டுக் கேட்பார்கள். வாக்கு வந்தால் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். அடுத்த கனவு வரும்வரை அது உள்ளே இருக்கும். அது எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. மண் இருந்திருக்கிறது, தண்ணீர் இருந்திருக்கிறது, தங்கம் இருந்திருக்கிறது. வைத்த பொருளைப் பற்றி ஊர் முழுக்கப் பேச்சு. எடுத்த பொருளை யாரும் கேட்பதில்லை.

நடராஜனுக்கும் அப்படி ஓர் உத்தரவு வந்தது. அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போனது வலைப் பந்துவீச்சாளராக. மற்றவர்கள் மட்டை பழகுவதற்குப் போடுகிற ஆள். ஒருவருக்குக் காயம், இன்னொருவருக்கு வலி. 2020 டிசம்பர் 2, கான்பெராவில் ஒருநாள் ஆட்டம். டிசம்பர் 4, அதே ஊரில் டி20, 3 விக்கெட். 2021 ஜனவரி 15, பிரிஸ்பேன் காபாவில் டெஸ்ட். இந்தியாவின் 300-ஆவது டெஸ்ட் வீரர். முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு 3 விக்கெட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர். ஊர் திரும்பியபோது சின்னப்பம்பட்டியில் சாரட் வண்டியில் அழைத்துப்போனார்கள். அந்தப் படத்தில் அவர் முகம் கொஞ்சம் கூசியிருந்தது. தன் இடத்தை விட்டு வேறு பக்கம் பூட்டப்பட்டவர் போல.

2021 மார்ச் 28, புனே. இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தின் கடைசி ஓவர். இங்கிலாந்துக்கு 14 ரன் வேண்டும். எதிரே சாம் கரன், தொண்ணூறுகளில் அடித்துக்கொண்டிருக்கிறார். பந்து நடராஜன் கையில். அந்த ஓவரில் 6 ரன். இந்தியாவுக்கு 7 ரன் வெற்றி.

இந்தியச் சட்டையில் அவர் கடைசியாகப் போட்ட ஓவர் அதுதான்.

பிறகு முழங்கால் அறுவைச் சிகிச்சை, கொரோனா. 2022-இல் 11 ஐபிஎல் ஆட்டங்களில் 18 விக்கெட், 2024-இல் 14 ஆட்டங்களில் 19. டெல்லி அணி 10.75 கோடிக்கு எடுத்தது. 2025-இல் இரண்டே ஆட்டம். மொத்தக் கணக்கு: ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு டி20. பெட்டிக்குள் இருந்தது நான்கு மாதம்கூட நிறையவில்லை. கேட்ட வேலையைச் செய்து கொடுத்த ஓவரோடு கதவு சாத்திக்கொண்டதைத் தோல்வி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வலக்கைக்கும் வரவில்லை.

இப்படி அழைப்புக்குக் காத்திருந்த இடக்கைகள் நம்மிடம் நிறைய. ஹரியானாவின் ராஜிந்தர் கோயல் ரஞ்சியில் 637 விக்கெட் எடுத்தும் ஒரு டெஸ்ட் ஆடவில்லை. பிஷன் சிங் பேடி என்ற மற்றொரு இடக்கை அந்த இடத்தில் நின்றது. 1987-88-இல் தமிழ்நாட்டுக்கு ரஞ்சிக் கோப்பை வாங்கித் தந்த தலைவர் எஸ். வாசுதேவனும் இடக்கைச் சுழலர்தான். அவருக்கும் அழைப்பு வரவில்லை.

சின்னப்பம்பட்டியில் இப்போது நடராஜன் பெயரில் ஒரு மைதானம் இருக்கிறது. 2023 ஜூனில் திறந்தார்கள். புல் வளர்த்த திடல். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இனிப் பந்தைத் தேடிக் காட்டுக்குள் போக வேண்டியதில்லை.

*

மோட்டார் வந்த பிறகு எங்கள் கவலை மாடுகளில் வலத்தையைக் கண்ணபுரம் தாவணியில் விற்றோம். இடத்தைக்கு வயசாகிவிட்டது, விலை படியவில்லை. அது காலையில் கட்டவிழ்த்ததும் நேராகக் கிணற்று மேட்டுக்குப் போய் வாரியின் தலைமாட்டில் நின்றுகொள்ளும். கீழே பார்த்தபடி, அசையாமல். மோட்டார் அந்தப் பக்கம் இரைந்துகொண்டிருக்கும். அப்பாரு போய் ஓட்டிவருவார். மறுநாள் திரும்பப் போகும், திரும்ப ஓட்டிவருவார்.

ஒருநாள் அவர் போகவில்லை. "நிக்கட்டும்" என்றார்.

வெயில் ஏறியது. நான் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சிப்பொழுதுக்கு அது தானாக நாலு எட்டு வாரியில் இறங்கியது, நின்றது, பின்னாலேயே நடந்து மேட்டுக்கு ஏறியது. பிறகு மெதுவாகக் கட்டுத்தரைக்கு வந்து இடப்பக்கமாக ஒதுங்கி நின்றுகொண்டது. வலப்பக்கம் ஒரு மாட்டுக்கு இடம் காலியாக இருந்தது.